வடக்கு கோல்

கால்பந்து கிளப்பின் பழைய படங்களை ஸ்கேன் செய்யும் வேலை என்னிடம் வந்ததற்கு ஒரே காரணம், எங்கள் தெருவில் ஸ்கேனர் இருந்த வீடு எங்கள் வீடு மட்டும்தான். இரண்டாயிரத்தின் தொடக்க ஆண்டுகள் அவை. நான் எம்.சி.ஏ. முடித்துவிட்டு திண்டுக்கல்லுக்கு வெளியே ஒரு நூற்பாலையின் கம்ப்யூட்டர் பிரிவில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். அப்பா கிளப்பின் செயலாளர். அதற்கு முன்பு நெடுங்காலம் அதன் கோல்கீப்பர், எங்கள் பேச்சில் கோலி. கிளப்புக்கு ஐம்பது வயது நிறையப் போகிறது, மலர் போட வேண்டும், முழு வரலாறும் அதில் வர வேண்டும் என்று கமிட்டியில் பேசியிருக்கிறார்கள். உன் மகள்தான் கம்ப்யூட்டர் படித்திருக்கிறாளே என்று அப்பாவின் தலையில் கட்டிவிட்டார்கள். அப்பா ஒரு டிரங்குப் பெட்டியையும் சில அட்டைப்பெட்டிகளையும் கொண்டுவந்து என் மேசையடியில் வைத்தார்.

எனக்கு எந்த வேலையையும் பட்டியல் போட்டுத்தான் தொடங்க வரும். படங்களுக்கு ஒன்று, கோப்பைகளுக்கு ஒன்று, ஆடியவர்களுக்கு ஒன்று, ஆட்டங்களுக்கு ஒன்று. ஒவ்வொரு படத்தின் முதுகிலும் மெல்லிய பென்சிலால் எண் போட்டு, ஆண்டு, நிற்பவர்கள், உட்கார்ந்திருப்பவர்கள், எடுத்த இடம் என்று கட்டம் கட்டி நிரப்பிக்கொண்டு வந்தேன். திருச்சி, மதுரை, கரூர், சிவகாசி, கொடைக்கானல். ஜெயித்த ஊரிலெல்லாம் கோப்பையை நடுவில் வைத்துக்கொண்டு நிற்கிறார்கள். எங்கள் சொந்த கிரவுண்டில் எடுத்த படம் ஒன்றுகூட வரவில்லை. பெட்டியின் அடியில் இருக்கும் என்று நினைத்தேன். அடியிலும் இல்லை.

அந்த கிரவுண்டு ஒரு தோல்ஷாப்பின், அதாவது தோல் பதனிடும் ஆலையின், பின்புறம் இருந்தது. தொண்ணூறுகளில், நான் பள்ளிக்கூடம் போன காலத்தில், ஷாப்பு ஓடிக்கொண்டிருந்தது. ஒரு காலத்தில் உப்புத்தடவிய தோல்களைக் காயப்போட்ட இடம் அது. கோடை வந்தால் தரை வெள்ளையாகப் பூக்கும். புல் முளைத்து நான் பார்த்ததில்லை. அதில் விழுந்து சிராய்த்தால் காயம் தீயாக எரியும். வெளியூர் டீம்கள் விழப் பயந்து ஆடின, எங்கள் பையன்கள் விழுந்து பழகியிருந்தார்கள். பாதி ஆட்டத்தை அதனாலேயே ஜெயித்தோம் என்று அப்பா சொல்வார். சுற்றுப்பட்டுக் கிணறுகளில் தண்ணீர் டீத்தண்ணி நிறத்துக்கு மாறியிருந்தது. பிறகு ஷாப்பை மூடினார்கள். இனி வாடை போய்விடும் என்று நினைத்தோம். மழை பெய்யும்போதெல்லாம் அது தரையிலிருந்து எழுந்து வந்தது.

படம் ஏன் இல்லை என்று அப்பாவிடம் கேட்டேன். பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல், நம் கிரவுண்டில் படம் எடுக்கிற வழக்கம் இல்லை என்றார். ஒரே ஒரு முறை எடுத்தார்களாம், அறுபதுகளில். அன்று காலை எல்லோரும் நின்று படம் எடுத்தார்கள். சாயங்காலம் பிராக்டிஸில் இடது ஓரம் ஆடுகிறவர் வெயிலில் மயங்கி விழுந்தார், எழவில்லை. கேமரா எடுத்துக்கொண்டுவிட்டது என்று ஊர் சொன்னது. அதிலிருந்து ஒருவரும் அங்கே படத்துக்கு நிற்பதில்லை. வெளியூர் டீம் ஆசைப்பட்டால்கூட ரோட்டோரம் கூட்டிப்போய் நிறுத்துவார்கள்.

இந்தக் கதையை வேறு பழைய ஆட்டக்காரர்களிடமும் கேட்டேன். எல்லோரும் ஏறக்குறைய ஒரே சொற்களில் சொன்னார்கள். அது கொஞ்சம் உறுத்தியது, ஆனாலும் 'நம்பிக்கைகள்' என்று ஒரு தலைப்புப் போட்டு அதையும் சேர்த்துக்கொண்டேன்.

மலர் வேலை பாதியில் இருந்தபோது கிரவுண்டில் கல் ஊன்றினார்கள். காலையில் ஓடப்போன பையன்கள் பார்த்துவிட்டு வந்து சொன்னார்கள். நான் போனபோது நடுவட்டத்தில், பெனால்டி பகுதியில், கோல் போஸ்ட்டுக்குப் பக்கத்தில் என்று ஒழுங்கான வரிசைகளில் கற்கள் நின்றன. ஒவ்வொன்றின் தலையிலும் சிவப்புப் பெயிண்ட். தோல்ஷாப்பு முதலாளி இறந்து பல வருடமாகியிருந்தது. வெளியூரில் இருந்த வாரிசுகள் மொத்த இடத்தையும் பிளாட் போடுகிறவர்களுக்கு விற்றிருந்தார்கள். எங்களிடம் ஒரு துண்டுச் சீட்டு கிடையாது. முதலாளி வாயால் சொல்லிக் கொடுத்த இடம்.

அப்பா பதறவில்லை. ஐம்பது வருடமாக ஆடுகிறோம், ஊருக்கே தெரியும் என்றார். இருந்தாலும் அவர் சாப்பாடு குறைந்ததை அம்மா கவனித்தாள். கிரவுண்டு போனால் கிளப்பு போய்விடும் என்பது அப்பாவுக்குத் தெரியும். அவருக்குக் கிளப்பைத் தவிர மாலை நேரம் என்று ஒன்று இருந்ததில்லை.

நானும் அவரும் ஒரு வக்கீலைப் பார்க்கப் போனோம். அவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, அந்த இடத்தில் நீங்கள் ஆடிய பழைய போட்டோ ஒன்று கொடுங்கள் போதும் என்றார். அப்பா என்னைப் பார்த்தார். நான் இல்லை என்றேன்.

வக்கீல் சிரித்துவிட்டார். "ஊரூராப் போயி போட்டோ எடுத்திருக்கீங்க, சொந்த கிரவுண்டுல ஒண்ணு இல்லையா? கட்டுன பொண்டாட்டி கூட போட்டோ இல்லங்குற மாதிரி இருக்குங்கய்யா."

பிறகு சிரிப்பை விட்டுவிட்டுக் கேட்டார். "சரி, ஒரு முதலாளி இம்புட்டு இடத்தச் சும்மா தூக்கிக் குடுப்பாரா? எதுக்குக் குடுத்தாரு? அதைச் சொல்ல ஆள் இருக்கா?"

அப்பா மேசைமேல் இருந்த பேப்பர் வெயிட்டை நகர்த்தி வைத்தார். யோசித்துச் சொல்வதாகச் சொல்லி எழுந்துகொண்டார்.

வீட்டுக்குத் திரும்ப வேண்டிய இடத்தில் மொபெட்டைத் திருப்பாமல் கிரவுண்டுக்கு விட்டார். வெயில் இன்னும் இறங்கவில்லை. பையன்கள் கற்களுக்கு நடுவில் பந்தைத் தட்டிக்கொண்டிருந்தார்கள். அப்பா வடக்கு கோல் போஸ்ட்டுக்குப் பின்னால் போய் நின்றார். நானும் போனேன். அவர் என்னைப் பார்க்காமல் பேசினார்.

அந்தக் காலத்தில் மைதானம் இவ்வளவு நீளமில்லை. தோல் காயாத நாள்களில் மட்டும் ஆட விட்டிருந்தார்கள். வடக்கே ஷாப்பின் கழிவுக்குழி. மேலே பொருக்குத் தட்டிப்போய், பார்வைக்குத் தரை மாதிரியே இருக்கும். பந்தை வெளியே அடித்தவன்தான் போய் எடுத்துவர வேண்டும் என்பது எங்கள் பக்கத்துச் சட்டம். தெருவில் ஆடுகிற பிள்ளைகளிடம் இன்றைக்கும் அது மாறவில்லை. படம் எடுத்த அன்று சாயங்காலம், இடது ஓரம் ஆடுகிறவர் அடித்த பந்து கோலின் குறுக்குக் கம்பத்துக்கு மேலே போய்க் குழியில் விழுந்தது. கோலில் நின்றது அப்பா. குழிக்குப் பக்கத்தில் இருந்ததும் அவர்தான்.

"'அடிச்சவன் எடுலே'ன்னேன்," என்றார் அப்பா. "சிரிச்சுக்கிட்டேதான் போனான்."

இறங்கியவர் பந்தைத் தொடக் குனிந்தார். நிமிரவில்லை. குழிக்குள் தேங்கியிருந்த விஷவாயு அது. பின்னாலேயே குதிக்கப் போன இன்னொருவரை கேப்டன் இடுப்போடு பிடித்து இழுத்துப் போட்டிருக்கிறார், இல்லையென்றால் இரண்டாகியிருக்கும். கிணற்றில் விழுந்த வாளியை எடுக்கிற பாதாளக்கரண்டியைக் கொண்டுவந்துதான் அவரை எடுத்தார்கள்.

முதலாளி வந்தார். சத்தம் போடவில்லை. போலீஸ் வந்தால் ஷாப்பை மூடுவார்கள், உங்கள் அப்பன்மார் பாதிப்பேருக்கு இங்கேதான் வேலை, யோசித்துக்கொள்ளுங்கள் என்றார். குழியை மூடிவிடுகிறேன், இனி இந்த இடம் முழுக்க உங்களுக்கு என்றார். கேப்டன் சரி என்றார். அவரைத் தவிர எல்லோரும் இருபதைச் சுற்றி இருந்த பையன்கள். ஷாப்பின் பம்பு செட்டில் வைத்து இறந்தவரைக் குளிப்பாட்டினார்கள். தண்ணீர் மொண்டு ஊற்றியது அப்பா. வேறு உடுப்பு மாட்டி, வெயிலில் ஆடி விழுந்துவிட்டார் என்று வீட்டில் கொண்டுபோய்ச் சொன்னார்கள்.

முதலாளி சொன்னபடி குழியில் இடிசலும் மண்ணும் கொட்டி மூடினார். மைதானம் முழு நீளம் கிடைத்தது. புது கோல் போஸ்ட்டை அந்த மண்ணில்தான் நட்டார்கள்.

நான் என் காலடியைப் பார்த்தேன். அப்பா அதில் இருபது வருடத்துக்கு மேல் நின்றிருக்கிறார்.

"கேமராக் கதைய யாருப்பா ஆரம்பிச்சா?"

"யாரும் ஆரம்பிக்கல பாப்பா. கேட்டவங்களுக்கு என்னமாச்சும் சொல்லணும்ல. சொல்லிச் சொல்லி, கடைசியில நாங்களே நம்பிட்டோம். அப்புறம் இங்க யாராச்சும் கேமராவ எடுத்தா நாங்களே ரோட்டுக்குத் தள்ளிட்டுப் போயிருவோம்."

அதாவது, சொன்ன பொய்க்குப் பயந்து, அந்த இடம் தங்களுடையது என்று காட்டக்கூடிய ஒவ்வொரு படத்தையும் அவர்களே எடுக்காமல் விட்டிருந்தார்கள். இதை நான் அப்பாவிடம் சொல்லவில்லை. அவர் என்னைவிட முன்பே கணக்குப் போட்டிருப்பார்.

கேப்டன் வீட்டுக்கு வந்தார். எழுபதைத் தாண்டியவர், ஊரில் எல்லோருக்கும் இன்னும் அவர் கேப்டன்தான். வக்கீலைப் பார்த்தது அவருக்கு எப்படியோ தெரிந்திருந்தது. என் மேசைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, மானிட்டரில் ஓடிய படங்களைப் பார்த்தபடி காப்பி குடித்தார். இந்த மிஷினில் செத்தவனைத் திரும்ப எழுப்பவும் சொல்லிக் குடுத்திருக்காங்களாம்மா என்று என்னைக் கேட்டார். அவர் அப்பா பக்கம் திரும்பினார்.

"ஏலே, வரலாறுன்னா கப்பு வாங்குனது. இது வரலாறு இல்ல."

"கப்பக் காட்டி இடத்தக் கேட்டா வக்கீலு சிரிக்கிறாரு கேப்டன்."

"சிரிக்கட்டும். செத்தவன் ஆத்தாவும் போயிச் சேந்துட்டா. இனிமே யாருக்குலே சொல்லப் போற?"

அவன் தங்கை இருக்கிறாள் என்றார் அப்பா. கேப்டன் மிச்சக் காப்பியை வைத்துவிட்டு எழுந்தார். வாசலில் செருப்பு மாட்டும்போது அவர் கை சுவரைத் தேடியது. எங்களைப் பயமுறுத்த வந்தவர் என்றுதான் அவரை அதுவரை நினைத்திருந்தேன். பயந்தவர் அவர்தான்.

அந்தத் தங்கை செம்பட்டியில் இருந்தார். கணவர் போன பிறகு பள்ளிக்கூட யூனிஃபார்ம் தைத்துக்கொடுத்து இரண்டு பெண்களைக் கட்டிக்கொடுத்தவர். நாங்கள் போனபோது ஜூன் நெருக்கம், தையல் மிஷினைச் சுற்றிக் காக்கித் துணி. சுவரில் மாதா படத்துக்குக் கீழே அவருடைய அண்ணனின் படம், பிளாஸ்டிக் மாலை போட்டு. எனக்கு அந்தப் படத்தைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. ஒரு கூட்டப்படத்திலிருந்து ஒரு முகத்தை மட்டும் எடுத்துப் பெரிதாக்கியிருந்தார்கள். சுற்றிலும் இருந்ததையெல்லாம் ஸ்டுடியோக்காரர் நீல வண்ணத்தால் மூடியிருந்தார். இடது தோளில் மட்டும் வண்ணம் சரியாக ஏறாமல் நாலு விரல் தெரிந்தது. பக்கத்தில் நின்றவர் போட்ட கை.

கிரவுண்டில் எடுத்த அந்த ஒரே படம் இதுதான். கிரவுண்டு நீல வண்ணத்துக்கு அடியில் போயிருந்தது. அப்பா அந்த விரல்களைப் பார்த்துவிட்டுத் தன் கையை மடித்து வைத்துக்கொண்டார்.

நடந்ததை அப்பா சொல்லிக்கொண்டு வந்தபோது அந்த அம்மா மிஷினை நிறுத்தாமல் கேட்டார். பம்பு செட்டுக்கு வந்தபோது நிறுத்தினார்.

"அண்ணே, வெயில்ல விழுந்தவனுக்கு எதுக்குத் தல ஈரம்னு எங்கம்மா சாகுற வரைக்கும் கேட்டுச்சு. மண்ணு ஒட்டியிருக்கணும்ல, ஏன் இல்லன்னு கேட்டுச்சு. அழுகையில உளறுதுன்னு நாங்கதான் வாய மூடச் சொல்லுவோம்."

அந்த அம்மா மிஷினில் இருந்த துணியை உருவி மடியில் போட்டுக்கொண்டார்.

"அந்த இடம் எங்கண்ணன் உசுருக்குக் குடுத்ததுதான? அப்ப எங்கம்மாகிட்டல்ல குடுத்திருக்கணும்? உங்க கிளப்புகிட்ட ஏன் குடுத்தாரு?"

வேண்டுமென்றால் அந்த இடத்துக்கு உரிமை கேட்டு நீயே வழக்குப் போடு, நான் வந்து சாட்சி சொல்கிறேன் என்றார் அப்பா. அவர் அதைச் சீக்கிரம் சொல்லிவிட்டார். யோசித்து வைத்திருந்ததுபோல் இருந்தது.

அந்த அம்மா துணியில் இருந்த நூலைப் பிடுங்கினார். இடம் வேண்டாம் என்றார். இடத்தை உங்களுக்கே வாங்கிக்கொடுக்க வந்து நிற்கிறேன், என்ன நடந்தது என்று எழுதிக் கையெழுத்தும் போடுகிறேன், ஆனால் உங்கள் மலரில் அது முழுக்க வர வேண்டும் என்றார். என்னைப் பார்த்து, "நீதான எழுதுற? குழிய எழுது. இவுக தண்ணி ஊத்துனதயும் எழுது," என்றார்.

அன்று இரவே அப்பா சொல்லச்சொல்ல டைப் செய்து முடித்தேன். ஒரு பக்கம்தான் வந்தது. 'நம்பிக்கைகள்' என்ற தலைப்பை அழித்தேன். வேறு தலைப்பு வைக்க வரவில்லை, தலைப்பில்லாமல் விட்டேன்.

கமிட்டிக் கூட்டத்தில் அப்பா அந்தப் பக்கத்தை நின்றபடி வாசித்தார். முடிக்கும் முன்பே கேப்டன் எழுந்து போனார், யாரும் அவரைத் தடுக்கவில்லை. இளையவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். இடம் வேண்டுமா வேண்டாமா என்று அப்பா கேட்டார். வேண்டும் என்று கை தூக்கினார்கள். தூக்கிய கைகள் தோளுக்கு மேல் ஏறவில்லை.

அந்த அம்மா சொன்னபடி வந்து கையெழுத்துப் போட்டார். கோர்ட்டில் இடைக்காலத் தடை கிடைத்தது. பிளாட் வேலை நின்றது. கற்களை மட்டும் அவர்களும் பிடுங்கவில்லை, நாங்களும் பிடுங்கக்கூடாது என்று வக்கீல் சொல்லியிருந்தார். ஆடுகளத்துக்குள் இருந்தவற்றை மட்டும் கோர்ட்டு அனுமதியோடு எடுத்தோம்.

ஐம்பதாம் ஆண்டு விழாவின் காலையில் மலரை வெளியிட்டோம். அந்த அம்மா ஒரு பிரதி வாங்கிக்கொண்டு, சாப்பிடக்கூட நிற்காமல் பஸ் ஏறிவிட்டார். மாலை ஆட்டத்துக்குச் சின்னாளப்பட்டி டீம் வந்திருந்தது. பெரும்பாலும் தறி ஓட்டுகிற வீட்டுப் பையன்கள், நல்ல வாயாடிகள். மதியப் பந்தியில் எங்கள் ஜெர்சியின் நிறத்தைக் கிண்டல் செய்தார்கள். பந்தி முடிந்து மர நிழலில் படுத்துக்கொண்டு மலரைப் புரட்டினார்கள். ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்குப் போனது. பேச்சு மெல்ல மெல்லக் குறைந்தது.

முதல் பாதியில் வடக்கு கோல் எங்களுடையது. எங்கள் கோலி ஒரு முறைகூடக் கோல் கோட்டுக்குப் போகவில்லை. பெனால்டி பகுதியின் விளிம்பிலேயே நின்றான். தலைக்கு மேல் தூக்கி அடித்து அவர்கள் இரண்டு கோல் போட்டார்கள். உள்ளே போன பந்தை எடுக்க எங்கள் பின்வரிசை ஆட்டக்காரர்கள் நீ போ நான் போ என்று நின்றதை அன்று எல்லோரும் பார்த்தார்கள்.

ஹாஃப் டைம் முடிந்து சைடு மாற வேண்டும். சின்னாளப்பட்டி கோலி நடுக்கோடு வரைக்கும் வந்து நின்றுவிட்டான்.

"நான் அங்க நிக்க மாட்டேன்ணே."

அவர்கள் கேப்டன் அவன் முதுகில் தட்டினான். "ஏலே, ரெண்டு கோலு முன்னால இருக்கோம். பேய்க்குப் பயந்தா கோலியா ஏன் வந்த?"

"பேய்க்கு இல்லண்ணே. இதுக்குக் கீழதான் ஆள் செத்தான்னு அச்சடிச்சு கையில குடுத்துட்டாங்க. அதுக்கு மேல நின்னு எப்படிக் குதிக்கிறது?"

யாரும் சிரிக்கவில்லை. சைடு மாறாமலே ஆடலாமா என்று எங்கள் ஆட்கள் ரெஃப்ரியிடம் கேட்டார்கள். எங்கள் கோலி, அப்படியென்றால் தானும் இறங்கமாட்டேன் என்றான். சைடு மாறியே ஆக வேண்டும் என்று ரெஃப்ரி விதியைச் சொன்னார்.

அப்பா கோட்டுக்கு வெளியே இருந்து உள்ளே வந்தார். பேன்ட்டை மடித்துவிட்டுக்கொண்டு, அந்தப் பக்கம் நான் நிற்கிறேன், எந்த டீமுக்காக இருந்தாலும் சரி என்றார். ஐம்பத்தெட்டு வயதுக்கு மேல் ஆனவர். பெயர் கொடுக்காதவரை ஆடவிட முடியாது என்றார் ரெஃப்ரி. அப்பா காதில் வாங்காமல் வடக்கே நடந்தார்.

சின்னாளப்பட்டிப் பையன் அவர் பின்னாலிருந்து கேட்டான். மரியாதையாகத்தான் கேட்டான். "ஐயா, நீங்க தெரிஞ்சேதான் அம்புட்டு வருசமும் நின்னீங்களா?"

அப்பா நின்றார். "தெரிஞ்சுதான் நின்னேன்."

பிறகு போய், இரண்டு போஸ்ட்டுக்கும் நடுவில், கோட்டின் மேல், முழங்காலை லேசாக மடக்கி நின்றார். இருபத்திரண்டு பேரும் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பந்து நடுவட்டத்தில் கிடந்தது. ஒருவரும் அதைத் தொடவில்லை. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு ரெஃப்ரி விசிலை ஊதி ஆட்டத்தை நிறுத்தி, பந்தைக் கையில் எடுத்துக்கொண்டு வெளியேறினார்.

தடையை நீட்டித்தார்கள், மறுபடியும் நீட்டித்தார்கள். நிலம் எங்களிடம்தான் இருக்கிறது. பையன்கள் ஒரு கல்லூரி மைதானத்தில் கேட்டுவாங்கி ஆடினார்கள், பிறகு ஒவ்வொருவராக வேறு கிளப்புகளுக்குப் போனார்கள். மாலையில் எங்கள் கிரவுண்டு பக்கம் ஓடுகிற பிள்ளைகளைத் தாய்மார் கூப்பிட்டுவிடுகிறார்கள். அப்பா இன்னும் செயலாளர். ஆட்டங்களின் பட்டியலில் அந்த ஆட்டத்துக்கு எதிரே 'முதல் பாதி மட்டும்' என்று போட்டேன். அதற்குக் கீழே எழுத இதுவரை ஒன்றும் வரவில்லை.